88-லிருந்து 14: ஒரு துண்டுச்சீட்டின் கணக்கு

போன மாசிக் கடைசியில் தங்கச்சி வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொடுத்த துண்டுச்சீட்டு. பளபளப்பான தாள், ஓரத்தில் ஒரு குழந்தை சிரிக்கிறது. நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு எண்கள்: கர்ப்பப்பைத் தடுப்பு அறுவைக்கு முன் கருச்சிதைவு 88 சதவீதம், அறுவைக்குப் பின் 14 சதவீதம். கீழே அவள் கேட்டிருந்தது ஒரே வரி. "அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை பண்ணிடலாம்ங்கிறாங்க, நீ என்ன சொல்ற?"

அவள் இருப்பது பூதலூரில். கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு தடவை கலைந்துவிட்டது. முதல் தடவை ஒன்பதாவது வாரம், இரண்டாவது பதினோராவது வாரம். இரண்டாவது தடவை கிளீன் பண்ணிய பிறகு எச்.எஸ்.ஜி. எடுத்தார்கள், அதாவது மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் டியூப் டெஸ்ட். அதில்தான் 'கர்ப்பப்பைக்குள்ள நடுவுல ஒரு தடுப்பு இருக்கு' என்று தெரிந்தது. ஊரில் அதற்குள் செய்தி 'ரெட்டைக் கர்ப்பப்பையாம்' என்று மாறிப்போய்விட்டது, அது வேறு கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 'பேரு மட்டும் போடாதே' என்றாள்.

நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஏதாவது ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பிரித்துப்போட்டுப் பார்ப்பேன். இந்தத் தடவை பிரித்தது ஒரு துண்டுச்சீட்டை. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் அறுவைச் சிகிச்சையை ரத்து பண்ணவும் வேண்டாம், செய்துகொள்ளவும் வேண்டாம். அந்த இரண்டு எண்களுக்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்பது மட்டும்தான் என் வேலை.

முதலில் விஷயம். பெண் சிசு வயிற்றுக்குள் வளரும்போது கர்ப்பப்பை ஒரே பையாக உருவாவதில்லை. வலம் ஒன்று இடம் ஒன்றாக இரண்டு குழாய்கள். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் பெயரால் முல்லேரியன் குழாய்கள் என்பார்கள். அவை கீழ்ப்பகுதியில் ஒட்டிச் சேர்ந்து, நடுவில் இருக்கும் சுவர் கரைந்து, ஒரே அறையாகிறது. சுவர் முழுசாகக் கரையாமல் நின்றுவிட்டால் அதுதான் செப்டம், தடுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் கர்ப்பப்பை சாதாரணமாகவே இருக்கும். குழாய்களே சரியாகச் சேராமல் போனால் வெளிப்புறமும் மேலே பள்ளம் விழுந்து இரண்டு கொம்பு மாதிரி இருக்கும், அது வேறு குறை. ஒரே வீட்டுக்குள் நடுச்சுவர் எழுப்பியதற்கும், இரண்டு வீட்டைப் பொதுச்சுவர் வைத்து ஒட்டிக் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. நடுச்சுவரை உள்ளே கேமரா விட்டு, வயிற்றைக் கிழிக்காமல், ஹிஸ்டரோஸ்கோப்பியில் வெட்டிவிடலாம். அரை மணி, ஒரு மணி வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு கொம்பாக இருப்பதை உள்ளேயிருந்து சுவர் என்று நினைத்து வெட்டினால் கத்தி வயிற்றுக்குள் வந்து நிற்கும். அந்தக் குறைக்கு பெர்லினில் பவுல் ஸ்ட்ராஸ்மன் 1907-லேயே வயிற்றைத் திறந்து இரண்டு பாதியையும் சேர்த்துத் தைக்கும் முறையைச் சொன்னார், ஆனால் இன்றைக்கு அதை அபூர்வமாகத்தான் செய்கிறார்கள். எச்.எஸ்.ஜி. படத்தில் தெரிவது உள்அறையின் நிழல் மட்டும். வெளிச்சுவர் அதில் தெரியாது. வீட்டுக்குள் நின்றுகொண்டு கூரை வெளியே எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? த்ரீ-டி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ பார்த்தால்தான் தெரியும். தங்கச்சிக்கு இரண்டுமே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு நாள் மட்டும் குறித்தாகிவிட்டது.

இப்போது அந்த எண்கள். சீட்டில் மூலம் எதுவும் போடவில்லை, ஆனால் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டில் ஹோமர், லீ, குக் என்ற மூவர் எழுதிய தொகுப்புக் கட்டுரை. அதற்கு முன் வெளிவந்த பல சிறு ஆய்வுகளைக் கூட்டிப் போட்டார்கள். அறுவைக்கு முன் அந்தப் பெண்களுக்கு மொத்தம் 1062 கர்ப்பங்கள். அதில் 933 கலைந்துபோனது. 88 சதவீதம். நிறைமாதம் போய்ப் பிறந்தவை 34, அதாவது மூன்றே சதவீதம். அறுவைக்குப் பின் 491 கர்ப்பங்கள். கலைந்தவை 67, அதாவது 14 சதவீதம். நிறைமாதப் பிரசவம் 395, அதாவது 80 சதவீதம். ஆக, சீட்டில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினையே. பொய்யாக இருந்தால் 'பொய்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

யோசித்துப் பாருங்க. இந்த ஆய்வுகளுக்குள் வந்த பெண்கள் யார்? கர்ப்பம் கலைந்து, அதனால் டாக்டரிடம் போய், பரிசோதனையில் தடுப்பு இருப்பது தெரிந்து, அறுவைக்கு ஒத்துக்கொண்டவர்கள். அதே அளவு தடுப்போடு முதல் பிள்ளையை ஒழுங்காகப் பெற்றவள் டாக்டரிடம் போயிருக்கவே மாட்டாள். அவளுக்குத் தடுப்பு இருப்பதே தெரியாது, சாகும்வரை தெரியாது. ஆக 88 என்பது தடுப்பு செய்த வேலையின் அளவு இல்லை. அந்த வரிசையில் நிற்பதற்கான நுழைவுச்சீட்டு. கலைந்தவர்களை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, 'பாருங்க, உள்ளே இருக்கிறவங்களுக்கு எவ்வளவு கலைஞ்சிருக்கு' என்று எண்ணுகிறோம்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் பெண்கள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று வைப்போம். ஒவ்வொரு கர்ப்பமும் கலைய 30 சதவீத வாய்ப்பு, வெறும் துரதிர்ஷ்டத்தால். முதல் தடவை 300 பேருக்குக் கலையும். அந்த 300-ல் இரண்டாவது தடவையும் கலைவது 90 பேருக்கு. இந்த 90 பேரையும் அழைத்து ஒரு கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டால், இதுவரை கலைந்தது நூற்றுக்கு நூறு. எல்லாருக்கும் ஒரு டம்ளர் பானகம் கொடுத்து அனுப்புங்கள். மூன்றாவது கர்ப்பத்தில் 27 பேருக்குக் கலையும், 63 பேருக்குப் பிள்ளை பிறக்கும். பானகத்துக்கு முன் 100 சதவீதம், பானகத்துக்குப் பின் 30 சதவீதம். பளபளப்பான தாளில் போடலாம்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. காரணம் கண்டுபிடிக்க முடியாத தொடர் கருச்சிதைவு உள்ள பெண்களை, பரிவான கவனிப்பு தவிர வேறு சிகிச்சை இல்லாமல் தொடர்ந்து பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 1999-ல் வந்தது. அடுத்த கர்ப்பத்தில் நாலில் மூன்று பேருக்கு நல்லபடியாக முடிந்தது.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப திருக்கருகாவூரும் பானகந்தானா?" என்றாள். எங்க பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் பக்கம் கர்ப்பரட்சாம்பிகை கோயில். வேதிகை என்ற பெண்ணுக்கு முனிவர் சாபத்தால் கரு கலைய, அம்பாள் அதை ஒரு குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாகக் கொடுத்தாள் என்பது தலவரலாறு. குழந்தை வேண்டுகிறவர்களுக்கு நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய். தஞ்சாவூர் மாவட்டத்தில் இரண்டு தடவை கலைந்த பெண்களில் அங்கே போகாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். நெய் வாங்கிச் சாப்பிட்டவர்களை மட்டும் கூட்டி முன்பின் கணக்குப் போட்டால் 88-க்கும் 14-க்கும் சளைக்காத எண் வரும் என்று தைரியமாகச் சொல்வேன். இதைச் சொல்வது கோயிலைக் குறைக்க இல்லை. கோயில் யாரிடமும் சதவீதம் சொல்வதில்லை. சதவீதம் சொல்கிறவர்களிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 14 எதோடு ஒப்பிட்டு? 88-ஓடு இல்லை. அதே மாதிரிப் பெண்கள், அதே மாதிரித் தடுப்பு, வெட்டாமல் விட்டிருந்தால் அடுத்த கர்ப்பத்தில் எவ்வளவு கலைந்திருக்கும் என்பதோடு. அந்த எண் சீட்டில் இல்லை. அந்தத் தொகுப்பில் சேர்ந்த ஆய்வுகளிலும் பெரும்பாலும் இல்லை. இன்னொன்றும் கவனிங்க. பின்னால் வரும் 491, கர்ப்பங்களின் எண்ணிக்கை. அறுவைக்குப் பிறகு கர்ப்பமே தரிக்காதவள் அந்தச் சதவீதத்துக்குள் எங்குமே வரமாட்டாள்.

எங்க அப்பா விவசாயி. அவருக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. ஒரு குறுவை பொய்த்துப்போன பிறகு புது மருந்து அடித்து, அடுத்த குறுவை நன்றாக விளைந்தால் மருந்தால் விளைந்ததா, மேட்டூரில் தண்ணி நேரத்துக்கு விட்டதால் விளைந்ததா? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்தைச் சோதிக்கும்போது போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிட்டு முடிவு சொல்லமாட்டார்கள். ஒரே பருவத்தில், ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் ஃபிஷர் வகுத்த வழி அது. மருத்துவம் அதை வயலில் இருந்துதான் கற்றுக்கொண்டது. அப்பா கேட்டார், "நெல்லுக்கே இப்படிப் பாக்குறாங்கன்னா, இதுக்கு யாரும் பாக்கலியா?"

ரொம்ப நாள் பார்க்கவில்லை. 2011-லும் 2017-லும் காக்ரேன் தொகுப்பாளர்கள் தேடியபோது, தடுப்பை வெட்டுவதையும் விடுவதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அத்தனை காலமும் உலகம் முழுக்க வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். முதலாவது பெரிய முயற்சி 2021-ல் வெளியான 'ட்ரஸ்ட்' ஆய்வு. நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் நாடுகளில் பத்து மையங்கள். 2010 அக்டோபரில் ஆரம்பித்து 2018 செப்டம்பர் வரை ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தது 80 பெண்கள். வெட்டிய பக்கம் 39 பேரில் 12 பேருக்கு உயிருள்ள பிள்ளை, 31 சதவீதம். விட்டுவைத்த பக்கம் 40 பேரில் 14 பேருக்கு, 35 சதவீதம். வெட்டியவர்களில் ஒருவருக்கு அறுவையின்போது கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்தது.

இதைப் படித்தவுடனே தங்கச்சிக்குப் போன் போட்டு 'வேண்டாம், ரத்து பண்ணு' என்று சொல்லத்தான் கை போனது. எனக்கு அறுவைச் சிகிச்சை என்றாலே பயம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நமக்குப் பிடித்த பதில் வரும்போது மட்டும் கேள்வி கேட்காமல் விடுவது என் தொழிலில் பெரிய பாவம். அதனால் இந்தக் கட்டுரையையும் அதே கத்தியால் அறுத்துப் பார்த்தேன்.

எட்டு வருஷத்தில் 80 பேர். இந்த ஆய்வைத் திட்டமிட்டபோது, அறுவையால் பிள்ளைப்பேறு 35 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயரும் என்று எதிர்பார்த்து, அந்த அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போதுமான ஆள்கணக்கைப் போட்டார்கள். இரட்டிப்பு! அறுவை உண்மையிலேயே 35-ஐ 45 ஆக்குகிறது என்றால், நூறு பேரில் பத்துப் பேருக்குக் கூடுதலாகப் பிள்ளை, எந்தக் குடும்பத்துக்கும் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த வித்தியாசம் 80 பேருக்குள் கண்ணுக்கே தெரியாது. அவர்கள் கொடுத்த விகிதம் 0.88. அதன் நிச்சயமின்மை 0.47 முதல் 1.65 வரை. அதாவது அறுவை வாய்ப்பைப் பாதியாகக் குறைத்திருக்கலாம், ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டியும் இருக்கலாம், இரண்டுக்கும் இந்த எண்கள் இடம் கொடுக்கின்றன. அதோடு, சேர்ந்தவர்கள் எல்லாரும் கருச்சிதைவுக்காரர்கள் இல்லை. கர்ப்பமே தரிக்காதவர்கள், குறைமாதப் பிரசவம் ஆனவர்கள் என்று கலந்திருந்தார்கள். என் தங்கச்சி மாதிரிப் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது இன்னும் சின்னக் கூட்டம். 'பலன் இருப்பதாகக் காட்டமுடியவில்லை' என்பதை 'பலன் இல்லை என்று காட்டிவிட்டார்கள்' என்று படிப்பவர்கள், 88-லிருந்து 14 என்று சீட்டு அடித்தவர்களின் மறுபக்கத்து உறவினர்கள்.

அதே குழு 2020-ல் இன்னொரு கட்டுரை போட்டது. இதில் குலுக்கல் இல்லை. பழைய பதிவேடுகளிலிருந்து 257 பெண்கள், 151 பேர் வெட்டிக்கொண்டவர்கள், 106 பேர் விட்டுவிட்டவர்கள். பிள்ளைப்பேறு வெட்டியவர்களுக்கு 53 சதவீதம், விட்டவர்களுக்கு 72 சதவீதம். பார்த்தால் அறுவையே கெடுதல் என்று தோன்றும். ஆனால் யாருக்கு வெட்டினார்கள்? தடுப்பு ஆழமாக இருந்தவர்களுக்கா, அதிகம் இழந்தவர்களுக்கா? டாக்டரும் நோயாளியும் பேசி எடுத்த முடிவு அது. பள்ளமான வயலுக்கு மட்டும் வடிகால் வெட்டிவிட்டு, 'வடிகால் வெட்டின வயல்ல விளைச்சல் கம்மி' என்று சொல்ல முடியுமா? மறுபக்கம், ஜப்பானில் தொடர் கருச்சிதைவுப் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில் வெட்டியவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அங்கே வெட்டாமல் விட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். இதையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும்.

வழிகாட்டி அமைப்புகள் ஆளுக்கொரு பக்கம் நின்றதில் ஆச்சரியம் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-ல் தொடர் கருச்சிதைவுக்காகத் தடுப்பை வெட்ட ஆதாரம் போதும் என்றது. அதே வருஷம், குழந்தையின்மைக்காக மட்டும் வெட்டுவதற்கு ஆதாரம் போதாது என்றது. ஐரோப்பிய சங்கம் 2017-ல், இது ஆய்வுக்குள் வைத்துப் பார்க்கவேண்டிய விஷயம் என்றது. எல்லாரும் பார்த்தது கிட்டத்தட்ட அதே காகிதங்களைத்தான்.

தடுப்புக்கும் கருச்சிதைவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்ப்பப்பையின் பிறவி அமைப்புக் குறைகள் எல்லாம் சேர்த்து, பொதுவாகப் பெண்களில் நூற்றுக்கு ஐந்தரை பேருக்கு இருக்கிறது, கருச்சிதைவு ஆனவர்களில் பதின்மூன்று பேருக்கு மேல் இருக்கிறது என்று 2011-ல் ஒரு நல்ல தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஏதோ தொடர்பு இருக்கிறது. ஏன் என்பதில்தான் குழப்பம். தடுப்பில் ரத்த ஓட்டம் கம்மி, அங்கே போய் ஒட்டிக்கொண்ட கரு வாடிவிடுகிறது என்பது பழைய விளக்கம். வெட்டியெடுத்த தடுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்த சிலர் அதில் நல்ல தசையையும் ரத்தக்குழாய்களையும் கண்டிருக்கிறார்கள்.

இத்தனையையும் போனில் சொன்னபோது தங்கச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீ எனக்குப் பாடம் எடுக்குற. வெள்ளிக்கிழமை என்ன பண்ணட்டும்?" என்றாள். நியாயம்.

அந்தச் சமயத்தில்தான் கையெழுத்து போடக் கொடுத்த படிவத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். 'ஹிஸ்டரோ லேப்ராஸ்கோப்பி, தேவைப்பட்டால் மேற்கொண்டு' என்று அச்சடித்திருந்தது. மேற்கொண்டு என்றால் எதுவரைக்கும் என்பதற்கு எதிரே காலி இடம். கீழே 'கணவர் அல்லது உறவினர்' கையெழுத்துக்கு ஒரு கோடு. மாப்பிள்ளை ஏற்கெனவே போட்டுவிட்டார். தங்கச்சிக்கு உரிய கோடு அதற்கும் கீழே.

இந்த இடத்தில் நம்ம நாட்டுச் சட்டம் தெளிவாகவே பேசியிருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. சமீரா கோலி வழக்கு. 1995-ல் 44 வயதான அந்தப் பெண், நிற்காத உதிரப்போக்குக்காக டெல்லியில் ஒரு டாக்டரிடம் போனார். மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பியில் என்னவென்று பார்ப்பதற்குத்தான் அவர் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. சுயநினைவு திரும்பப்போகிற ஒரு வயதுவந்த பெண்ணுக்காக, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, அம்மா கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் வாங்கலாம், ஆனால் என்ன செய்யப்போகிறோம், எதற்கு, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொல்லியிருக்க வேண்டும். 'செய்யாமல் விட்டால் என்ன ஆகும்' என்ற கடைசிக் கேள்வியைப் பாருங்க. துண்டுச்சீட்டில் இல்லாத எண் எதுவோ, அதையேதான் நீதிமன்றமும் சொல்லச் சொல்கிறது. (அந்தத் தீர்ப்பில் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.)

வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது நான் சொன்ன 0.88-க்காக இல்லை. 'அந்தக் காலி இடத்துல என்ன எழுதப்போறீங்க?' என்று நர்ஸம்மாவிடம் கேட்டாளாம். 'அது டாக்டர் உள்ள பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க' என்று பதில் வந்திருக்கிறது. திருச்சி பாசஞ்சரில் ஏறிப் போய் த்ரீ-டி ஸ்கேன் எடுத்தாள். நானும் சென்னையிலிருந்து நேரே திருச்சிக்குப் போய்விட்டேன்.

வெளிச்சுவரில் பள்ளம் இல்லை. ஆக இரண்டு கொம்பு இல்லை, ஊர்க்காரர்களின் ரெட்டைக் கர்ப்பப்பையும் இல்லை. உள்ளே மேலிருந்து இறங்கும் மேடு 12 மில்லிமீட்டர். அதன் கோணம் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. இப்போது வேடிக்கை ஆரம்பம். ஐரோப்பிய சங்கங்களின் 2013 வகைப்பாட்டின்படி, மேடு கர்ப்பப்பைச் சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் இருந்தால் தடுப்பு. இவளுக்கு இருக்கிறது, ஆகவே தடுப்பு. 2018-ல் 15 நிபுணர்களிடம் 100 ஸ்கேன்களைக் காட்டி எடுத்த அளவுகோலின்படி பத்து மில்லிமீட்டர் தாண்டினால் தடுப்பு. ஆகவே தடுப்பு. அமெரிக்க சங்கத்தின் 2016 வரையறையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழமும் 90 டிகிரிக்குக் கீழே கோணமும் இரண்டுமே வேண்டும். ஆகவே தடுப்பு இல்லை. 2021-ல் அவர்கள் ஆழத்தை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்தார்கள், கோணத்தை விடவில்லை. அப்போதும் இல்லை. 261 பெண்களை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஒரு போலந்து ஆய்வில் ஐரோப்பிய முறை 17 சதவீதம் பேருக்குத் தடுப்பு என்றது, அமெரிக்க முறை 6 சதவீதம் பேருக்குத்தான் என்றது. அதே பெண்கள், அதே படங்கள். விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தால் மூன்றில் இரண்டு பேருக்குக் குறை தீர்ந்துவிடும்.

இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். 88-ஐயும் 14-ஐயும் பெற்ற அந்தப் பழைய ஆய்வுகளில் தடுப்பு என்று யாரைச் சொன்னார்கள்? த்ரீ-டி ஸ்கேன் பரவாத காலத்து ஆய்வுகள் நிறைய அதில் இருக்கின்றன. 12 மில்லிமீட்டர் மேடு அந்தக் கூட்டத்தில் இருந்ததா, எத்தனை பேருக்கு இருந்தது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த 14 தங்கச்சிக்குச் சேர்ந்த எண்ணே இல்லாமலும் இருக்கலாம்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கொஞ்சம் வயசானவர். படத்தைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். "இத நான் இப்ப தொடமாட்டேன்மா. தொடுற டாக்டர் இருக்காங்க, அவங்களத் தப்புன்னும் சொல்லமாட்டேன். மூணு சென்டிமீட்டர் இறங்கியிருந்து, நாலு தடவ போயிருந்தா நானே வெட்டிக்கச் சொல்லியிருப்பேன்." வெட்டினால் என்ன ஆபத்து என்று தங்கச்சி கேட்டாள். ஓட்டை விழலாம், அரிது. உள்ளே செலுத்தும் திரவம் உடம்பில் அளவுக்கு மேல் ஏறலாம். வெட்டிய இடம் ஒட்டிக்கொண்டு தழும்பாகி, புதுசாக ஒரு பிரச்சினை ஆகலாம். பிற்பாடு கர்ப்பத்தில் கர்ப்பப்பை கிழிந்த சம்பவங்கள் ரொம்ப அபூர்வமாகப் பதிவாகியிருக்கின்றன. கத்தரிக்கோலா, மின்சாரமா, லேசரா என்பதில் எது மேல் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை, கை பழகியது எதுவோ அதுதான் நல்லது என்றார். ஐந்தே நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். இந்த ஐந்து நிமிஷம் ஏன் முதல் இடத்தில் கிடைக்கவில்லை என்று தங்கச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்கள் தெளிவானால் மனசும் தெளிவாகும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது அவள் மாமியார் கேட்ட கேள்வி: "வெட்டாம விட்டு மறுபடியும் கலைஞ்சா, அப்ப யாரு பதில் சொல்றது?" வெட்டியும் கலைந்தால் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. செய்ததற்கு ஒரு மன்னிப்பு உண்டு, செய்யாமல் விட்டதற்கு இல்லை. ட்ரஸ்ட் ஆய்வுக்கு எட்டு வருஷத்தில் 80 பேர்தான் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விஷயத்தைக் குலுக்கலுக்கு விட யாருக்கு மனசு வரும்?

தங்கச்சி மாமியாருக்குப் பதில் சொல்லவில்லை. ராத்திரி என்னிடம்தான் சொன்னாள். "வெட்டுனா சரியாயிடும்னு நெனச்சப்ப ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சுக்கா. நீ வந்து அத எடுத்துட்ட." கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல" என்றாள்.

இப்போதைக்கு அவள் முடிவு: ஒரு வருஷம் வெட்டப்போவதில்லை. மறுபடி கலைந்தால் பெரிய இடத்தில் இன்னொரு தடவை அளந்து பார்த்து, அப்போது யோசிப்பதாக. அம்மாவோடு திருக்கருகாவூர் போய் நெய்யும் வாங்கி வந்தாள், நானும் கூடத்தான் போனேன்.

திருச்சி டாக்டரம்மா வேறொன்றும் கேட்டிருந்தார். இரண்டாவது தடவை கிளீன் பண்ணியபோது எடுத்த திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பினார்களா? சீக்கிரமே கலைகிற கர்ப்பங்களில் ஏறக்குறையப் பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைபவை. அப்படி இருந்திருந்தால் அந்த இழப்புக்குத் தடுப்பு காரணமே இல்லை. யாரும் அனுப்பவில்லை. அனுப்பலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. தைராய்டும், ரத்தம் உறைதல் சம்பந்தமான ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனையும் இதுவரை பார்க்கவில்லை. ரத்தம் எடுக்க வர்ற திங்கட்கிழமை காலையில் தஞ்சாவூர் போகிறாள்.